அடைத்தவர் மீது கடன்: பூனையின் உணவு பற்றி ஒரு வரலாற்று நோக்கு

ஹிஜ்ரீ 10ஆம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் மறைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் பள்ளிவாசலில் திரண்டனர். நபி (ஸல்) அவர்கள் நெடுநேரம் நின்று தொழுவித்தார்கள். அத்தொழுகையில் தமக்குச் சுவர்க்கமும் நரகமும் காட்டப்பட்டதைப் பின்னர் எடுத்துரைத்தார்கள். நரகில் கண்ட காட்சிகளுள் ஒன்று, ஒரு பெண்ணைப் பூனையொன்று பிறாண்டிக் கொண்டிருந்ததாகும். அவள் அந்தப் பூனையைப் பசியால் சாகும் வரை அடைத்து வைத்திருந்தாள் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அன்னை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம் பெற்றுள்ளது. இப்னு உமர் (ரலி), அபூஹுரைரா (ரலி), ஜாபிர் (ரலி) ஆகியோரும் இதே கருத்தை அறிவித்துள்ளனர்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் நபிமொழிதான் இது. உயிர்களிடத்தில் இரக்கம் காட்ட வேண்டும் என்ற பொதுவான அறிவுரையோடு அதனை நாம் முடித்துக் கொள்கிறோம். ஆனால், அந்தப் பெண் மீது சுமத்தப்பட்ட குற்றம் இரு பகுதிகளாக அமைந்திருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவள் உணவளிக்கவில்லை என்பது முதற்பகுதி. பூமியின் 'கஷாஷ்' எனப்படுவதை அது தானே தேடி உண்ணட்டும் என்று விட்டுவிடவும் இல்லை என்பது இரண்டாம் பகுதி. இந்த இரண்டாம் பகுதியே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

'கஷாஷ்' என்ற அரபுச் சொல்லுக்குப் பூமியில் ஊர்ந்தும் ஓடியும் திரியும் பூச்சி, புழு, எலி போன்ற சிற்றுயிர்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் ஏனைய விரிவுரையாளர்களும் பொருள் தருகின்றார்கள். ரொட்டியோ பாலோ பேரீச்சம்பழமோ இங்குப் பேசப்படவில்லை. பூனைக்கென்று இறைவன் படைத்துவைத்த உணவு எது என்பதை இச்சொல் குறிப்பாலுணர்த்துகிறது. அது வேட்டையாடி உண்ணும் பிராணி. அதன் ரிஸ்க் ஓடுகின்ற உயிர்களில் வைக்கப்பட்டுள்ளது.

இதிலிருந்து ஒரு சட்டக் கருத்தும் பிறக்கிறது. பூனைக்கு உணவளிக்காத ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பாரானால் இந்த எச்சரிக்கை அவருக்குரியதன்று. கதவை அடைத்தவருக்கே அது உரியது. பிராணிக்கு உணவளிப்பது அதன் உரிமையாளர் மீது கடமை என்பதற்கு இமாம் நவவீ இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொள்கின்றார்கள். ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் இங்கு ஒரு நுட்பமான வினாவை எழுப்புகின்றார்கள். அந்தப் பூனை அவளுக்குச் சொந்தமானது என்று பெரும்பாலான அறிவிப்புகளில் இல்லையே என்பது அவ்வினா. ஓர் அறிவிப்பில் வரும் 'அவளுடைய பூனை' என்ற சொல்லாட்சி அக்கருத்துக்கு நெருங்கி வருகிறது என்றும் அவர்களே கூறுகின்றார்கள். சொந்தமோ இல்லையோ, அடைத்து வைத்ததனாலேயே பொறுப்பு வந்து சேர்ந்துவிட்டது என்பது மட்டும் தெளிவு.

இந்த ஹதீஸைப் பற்றி ஸஹாபாக்களிடையேயும் உரையாடல் நிகழ்ந்திருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் இதனை அறிவித்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கம் கேட்டதாகவும், அப்பெண் இறைமறுப்பாளராக இருந்தாள், ஒரு பூனைக்காக வேதனை செய்யப்படுவதைவிட இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்விடத்தில் கண்ணியமானவர் என்று கூறியதாகவும் முஸ்னத் அஹ்மதில் காணப்படுகிறது. காழீ இயாழ் (ரஹ்) அவர்களும் அவள் இறைமறுப்பாளராக இருந்திருக்கக் கூடும் என்ற வாய்ப்பை ஏற்கின்றார்கள். இமாம் நவவீயோ, அவள் முஸ்லிமாகவே இருந்தாள், இந்தப் பாவமே அவளை நரகில் சேர்த்தது என்பதே சரியென முடிவு செய்கின்றார்கள். மூவரில் எவரும் செயலின் கொடுமையைக் குறைத்து மதிப்பிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

சுற்றி வருவோர்

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா, அபூகதாதா (ரலி) அவர்களின் மருமகளாவார். ஒருநாள் மாமனாருக்கு உளூச் செய்ய அவர் நீர் ஊற்றினார். அப்போது ஒரு பூனை வந்தது. அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்க, அது குடித்தது. கப்ஷா வியந்து நோக்குவதைக் கண்ட அபூகதாதா, பூனை அசுத்தமானதன்று என்றும் அது நம்மைச் சுற்றி வருவோரைச் சேர்ந்தது என்றும் நபி (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதீ உள்ளிட்ட ஸுனன் நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. 'சுற்றி வருவோர்' எனப் பொருள்படும் அதே சொல் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் (24:58) வீட்டிலுள்ள பணியாளர்களையும் சிறுவர்களையும் குறித்து வந்துள்ளது. வீட்டோரில் ஒருவராகவே பூனையும் எண்ணப்பட்டது என்று அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்குவர்.

அபூதாவூதில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு பணிப்பெண் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹரீஸா கொண்டு வந்தார். அன்னையார் தொழுது கொண்டிருந்ததால் கீழே வைக்கும்படி சைகை செய்தார்கள். அதற்குள் ஒரு பூனை வந்து அதில் சிறிது உண்டுவிட்டது. தொழுகை முடிந்ததும் அன்னையார் பூனை வாய் வைத்த இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். ஹரீஸா என்பது கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்த உணவு. நோன்புக் கஞ்சியையும் ஹலீமையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூனை எதைத் தேடி அதில் வாய் வைத்திருக்கும் என்பதையும் ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நபிமொழிகளின் அடிப்படையில் பூனை வாய் வைத்த நீர் தூய்மையானது என்று ஷாஃபிஈ மத்ஹபு கூறுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதனை மக்ரூஹ் என்றார்கள். அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ மக்ரூஹும் அன்று என்றார்கள். எலியைத் தின்ற வாயோடு பூனை வந்தால் என்ன செய்வது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் தனியே ஆராய்ந்துள்ளனர். அது கண் பார்வையிலிருந்து மறைந்து, மிகுதியான நீரில் வாய் வைத்திருக்கக் கூடும் என்ற அளவு நேரம் கழித்துத் திரும்பினால் அதன் வாய் பட்ட நீர் அசுத்தமாகாது என்பது அவர்களின் முடிவு. பூனை ஊன் உண்ணும் பிராணி என்பதை ஒப்புக் கொண்டே அதனை வீட்டுக்குள் ஏற்ற சட்டம் இது. அதன் இயல்பை மாற்ற அவர்கள் முயலவில்லை.

இவ்விடத்தில் ஒரு திருத்தமும் தேவைப்படுகிறது. நபி (ஸல்) அவர்களிடம் 'முஅஸ்ஸா' என்ற பூனை இருந்ததாகவும், அது உறங்கிய சட்டைக் கையை வெட்டிவிட்டு எழுந்ததாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் இதற்கு ஆதாரம் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்று ஹதீஸாகக் கூறப்படும் வாசகத்தை லாஹூரில் பிறந்த இமாம் ஸகானீ (மறைவு: ஹிஜ்ரீ 650) இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துள்ளார்கள். முல்லா அலீ அல்காரீ (மறைவு: ஹிஜ்ரீ 1014) இதற்கெனவே ஒரு சிறு நூலை எழுதினார்கள். சட்டைக் கையை வெட்டிய நிகழ்ச்சி, ரிஃபாயீ தரீக்காவின் தலைவர் ஸையித் அஹ்மத் கபீர் ரிஃபாயீ (ரஹ், மறைவு: ஹிஜ்ரீ 578) அவர்களைப் பற்றியதாக இமாம் தஹபீயின் ஸியரில் பதிவாகியுள்ளது. தொழுகை முடித்து வந்து வெட்டிய துணியை அவர்களே மீண்டும் தைத்துக் கொண்டார்களாம். ரிஃபாயீ ராத்திபு ஓதப்படும் நம் ஊர்களில் இந்நிகழ்ச்சியை அவருக்குரியதாகவே சொல்வது நேர்மையாகும்.

நூலோர் கண்ட பூனை

பஸராவின் ஜாஹிழ் (மறைவு: ஹிஜ்ரீ 255) எழுதிய 'கிதாபுல் ஹயவான்', எகிப்தின் கமாலுத்தீன் தமீரீ (மறைவு: ஹிஜ்ரீ 808) எழுதிய 'ஹயாதுல் ஹயவான்' ஆகிய இரண்டும் உயிரினங்களைப் பற்றிய அரபு நூல்களில் புகழ்பெற்றவை. தமீரீ ஒரு வேடிக்கையைச் சொல்வார். நாட்டுப்புற அரபி ஒருவர் ஒரு பூனையைப் பிடித்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. வழியில் கண்ட ஒவ்வொருவரும் ஸின்னவ்ர், ஹிர்ரு, கித்து என்று ஒவ்வொரு பெயர் சொல்ல, இத்தனை பெயர்கள் உடையது எத்தனை விலை போகுமோ என்று மகிழ்ந்து சந்தைக்குப் போனார். நூறு திர்ஹம் கேட்டார். அரை திர்ஹம்தான் பெறும் என்றனர். பெயர் மிகுதி, விலை சொற்பம் என்று சபித்து அதனை வீசிவிட்டுப் போனார்.

மற்றொரு நிகழ்ச்சி உள்ளத்தை உருக்குவது. இலக்கண அறிஞர் இப்னு பாபஷாத் (மறைவு: ஹிஜ்ரீ 469) கெய்ரோவில் அரசு அலுவலகத்திலிருந்து வெளியேறும் மடல்களின் மொழியைத் திருத்தும் பணியில் ஊதியம் பெற்று வந்தார். ஒருநாள் பள்ளிவாசலின் மேல்தளத்தில் தோழர்களோடு உண்டு கொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. ஒரு கவளம் கொடுத்தனர். அதைக் கவ்விக் கொண்டு மறைந்து மீண்டும் வந்தது. மீண்டும் கொடுத்தனர், மீண்டும் சென்று திரும்பியது. இத்தனை உணவையும் ஒரு பூனை உண்ண முடியாதே என்று பின்தொடர்ந்து பார்த்தால், பாழடைந்த ஓரிடத்தில் கிடந்த கண் தெரியாத பூனையொன்றுக்கு அது உணவைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொண்டிருந்தது. பேசாத ஒரு பிராணிக்கு அல்லாஹ் இவ்வாறு உணவளிக்கும்போது தம்மைக் கைவிடுவானா என்று கூறி அவர் பதவியைத் துறந்தார் என இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

இதனைத் தவக்குலுக்கு உதாரணமாகவே நம் ஆசிரியர்கள் சொல்லி வந்தனர். கண் தெரியாத பூனைக்கும் அதன் பங்கைக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டியிருந்தது என்பதும் இதில் அடங்கியுள்ளது.

சட்டமும் தோட்டமும்

ஷாஃபிஈ மாணவர் ஒவ்வொருவரும் ஓதும் 'மின்ஹாஜ்' நூலில், ஜீவனாம்சம் பற்றிய பாடத்தின் முடிவில் பிராணிகளின் உரிமை வருகிறது. தீனியும் நீரும் அளிப்பது உடையவர் மீது கடமை. மறுத்தால் அதிகாரம் தலையிடும். உண்ணத்தக்க பிராணியாயின் விற்பது, தீனியிடுவது, அறுப்பது ஆகிய மூன்றில் ஒன்றுக்கும், உண்ணத்தகாததாயின் விற்பது அல்லது தீனியிடுவதற்கும் அவர் கட்டாயப்படுத்தப்படுவார். மனைவி மக்களின் ஜீவனாம்சப் பாடத்திலேயே இதனையும் வைத்திருப்பது நூலோரின் மனப்போக்கைக் காட்டுகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த சுல்தானுல் உலமா இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், மறைவு: ஹிஜ்ரீ 660) அவர்கள் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார்கள். முதுமையாலோ நோயாலோ இனிப் பயன்படாது என்றான பின்னரும் அதற்குரிய செலவைச் செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இமாம் இஸ்ஸுத்தீன் வாழ்ந்து மறைந்த கெய்ரோவை அப்போது ஆண்டவர் மம்லூக் சுல்தான் அழ்ழாஹிர் பைபர்ஸ் (ஆட்சி: 1260–1277) ஆவார். டமாஸ்கஸ் மக்களின் தோட்டங்களை அவர் அரசுடைமையாக்க முனைந்தபோது அஞ்சாது எதிர்த்துக் கடிதம் எழுதியவர்கள் இமாம் நவவீ. சுல்தானும் இமாமும் ஹிஜ்ரீ 676ஆம் ஆண்டிலேயே ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். மக்கள் தோட்டங்கள் மீது கண் வைத்த அதே சுல்தான், கெய்ரோவின் வடபுறத்தில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக விட்டுச் சென்றார் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. 'பூனைத் தோட்டம்' என்றே அது அழைக்கப்பட்டது.

இச்செய்தியை நமக்குத் தருபவர் ஆங்கிலேய அரபு அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேன். 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் தங்கி எகிப்தியரின் பழக்க வழக்கங்களை நுணுகிக் கண்டு 1836இல் நூலாக வெளியிட்டார். காழீயின் நீதிமன்ற முற்றத்தில் நாள்தோறும் அஸர் வேளையில் பூனைகள் கூட்டமாகத் திரள்வதையும் அவற்றுக்கு உணவிடப்படுவதையும் அவர் குறிப்பிடுகிறார். ஆனால், அவர் காலத்தில் தோட்டத்தின் நிலை என்ன? பராமரிக்கப் பெருஞ்செலவாகும் என்று காரணம் காட்டிப் பொறுப்பாளர்கள் அதனை விற்றனர். வாங்கியவர்கள் மறுபடி விற்றனர். இறுதியில் ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்டர் நிலவாடகை மட்டுமே பூனைகளுக்கு எஞ்சியது. வக்ஃபுகளின் காப்பாளர் என்ற முறையில் ஏறக்குறைய முழுச் செலவும் காழீயின் தலையில் விழுந்தது. பின்னர் அதுவும் குறைந்து, உணவளிப்பு பெயரளவுக்கே நடந்ததாக லேன் எழுதுகிறார். ஊராரோ வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து அதே முற்றத்தில் விட்டுவிட்டுப் போயினர்.

நம் நாட்டு வக்ஃபு நிலங்களின் கதையை அறிந்தோர்க்கு இதில் வியப்பிராது. பூனைகளுக்கு வழக்குத் தொடுக்க வாயில்லை என்பதே வேறுபாடு.

உஸ்மானியத் தலைநகரிலும் இவ்வறம் தழைத்திருந்தது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் உணவிடுமாறு சிலர் மரண சாசனம் எழுதி, ரொட்டிக் கடைக்காரரிடமும் இறைச்சிக் கடைக்காரரிடமும் பணம் ஒப்படைத்துச் சென்றதைப் பதினேழாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சுப் பயணி தெவெனோ குறிப்பிடுகிறார். ஈரலும் நுரையீரலும் சுமந்து விற்கும் வியாபாரிகளின் பின்னே பூனைகள் தொடர்ந்து செல்வது இஸ்தான்பூல் வீதிகளின் பழைய காட்சி.

இன்று அடைபட்ட கதவு

இதுவரை கண்ட வரலாறு முழுவதிலும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அபூகதாதாவின் பூனையும் காழீயின் முற்றத்துப் பூனைகளும் அடைபட்டவை அல்ல. மனிதர் கொடுத்தது பாதி, 'கஷாஷ்' மறுபாதி. ரொட்டித் துண்டு போட்டாலும் குறைந்ததைப் பூனை தானே ஈடு செய்து கொண்டது. இன்று அடுக்குமாடி வீட்டில் வளரும் பூனைக்கு அந்த மறுபாதி இல்லை.

இதை எழுதுகின்றவன் ஒரு பாடம் கற்க நேர்ந்தது. ரியாளுஸ் ஸாலிஹீனில் இந்த ஹதீஸைப் பல்லாண்டு காலம் மாணவர்களுக்கு நடத்தியவன் நான். எங்கள் மாடி வீட்டில் பிள்ளைகள் ஒரு பூனையை வளர்த்தார்கள். வீதியில் வண்டிகளுக்கு அஞ்சிக் கதவை எப்போதும் சாத்தியே வைத்தோம். பால் சோறும் ரொட்டியும் குறைவின்றிக் கொடுத்தோம். இரண்டாண்டுகள் கழிந்து அது சுவரில் முட்டிக் கொள்ளத் தொடங்கியது. கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விழித்திரை கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இறைச்சியே இல்லாத உணவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். நாங்கள் அதனைப் பட்டினி போடவில்லை. ஆயினும், அதன் உணவைத் தேடிக் கொள்ளவும் விடவில்லை. ஹதீஸின் இரண்டாம் பகுதி அன்றுதான் எனக்கு விளங்கியது.

அறிவியல் இதனை விரிவாகவே விளக்குகிறது. இன்றைய வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியக் காட்டுப் பூனையின் வழிவந்தவை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. ஊன் உண்டே வாழ்ந்த அந்தப் பாலைவன இனத்தின் உடலமைப்பு மாறவில்லை. டாரின் என்ற சத்துப் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக் கொள்ளாது; இயற்கையில் அது பெரும்பாலும் புலாலிலேயே கிடைக்கும். அது குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975இலும், இதயத் தசை விரிந்து பலமிழக்கும் என்பது 1987இலும் கண்டறியப்பட்டன. காய்கறியிலுள்ள மஞ்சள் நிறச் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக் கொள்ளவும் பூனையால் இயலாது. இனிப்புச் சுவையை அது அறியவே அறியாது. தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வரும். பூனையையும் பாலையும் சேர்த்தே பேசும் நம் பழமொழி பூனையின் ஆசையைச் சொல்கிறதே தவிர, அதன் தேவையைச் சொல்லவில்லை.

அப்படியாயின் எதைக் கொடுப்பது? மசாலாவும் உப்பும் சேராமல் வேகவைத்த கோழி, மீன் ஆகியவை ஏற்றவை. வேகவைத்த நீரில் டாரின் கரைந்துவிடுமாதலால் அந்நீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை. எனவே நம் குழம்பில் கிடந்த மீனும் ஆணமும் ஆகா. சிலவகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 குறையும். ஈரல் நல்லதே, ஆனால் அதுவே அன்றாட உணவானால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்புகள் கெடும். வெறும் சதை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது, ஏனெனில் காட்டில் அது எலியை எலும்போடு தின்கிறது. ஆதலால் வீட்டினுள்ளேயே வளரும் பூனைக்கு முழுச்சத்துணவு என்று குறிக்கப்பட்ட ஆயத்த உணவை அடிப்படையாகக் கொண்டு, இறைச்சியையும் மீனையும் இடையிடையே சேர்ப்பதே பாதுகாப்பானது. நாய்க்கான உணவு இதற்கு ஈடாகாது. குறைவாகவே நீரருந்தும் இயல்புடையதாகையால் ஈரமான உணவும் எப்போதும் தூய நீரும் வேண்டும். உணவை மாற்றும்போது சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

ஆயத்த உணவு என்றதும் நம்மவர் கேட்கும் வினா ஒன்றுண்டு. அயல்நாட்டு டப்பாக்களில் பன்றியின் பொருள் கலந்திருந்தால் பூனைக்குக் கொடுக்கலாமா? மார்க்கக் கட்டளை மனிதருக்கேயன்றிப் பூனைக்கு இல்லை. செத்த பிராணியை நாய்க்கும் பறவைகளுக்கும் உண்ணக் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ 'மஜ்மூஉ' நூலில் எழுதுகின்றார்கள். எனினும், செத்ததையும் பன்றியையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் மக்கா வெற்றியின்போது தடை செய்தார்கள் என்பது ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. உண்ணக் கொடுப்பது வேறு. காசு கொடுத்து வாங்குவது வேறு. கோழியும் மீனும் கொண்ட உணவுகள் கடைகளில் கிடைக்கும்போது சேர்மானத்தை வாசித்து வாங்குவதில் சிரமம் ஏதுமில்லை.

இவ்வளவுக்கும் வசதியில்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். மின்ஹாஜ் நூலின் தீர்ப்பு இங்கும் பொருந்தும். பிராணியின் தேவையை நிறைவு செய்ய இயலாதவர், நிறைவு செய்யக் கூடியவர் பொறுப்பில் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். காழீயின் முற்றத்தில் விட்டுவிட்டு ஓடிய கெய்ரோவாசிகளின் வழி அதுவன்று.

பைபர்ஸின் தோட்டம் பொறுப்பாளர்களின் அசட்டையால் அழிந்தது. வீட்டில் ஒரு பூனையை வைத்துக் கதவைச் சாத்திய ஒவ்வொருவரும் ஒரு சிறு வக்ஃபின் முதவல்லி ஆவார். எங்கள் பூனை இப்போதும் இருக்கிறது. கண் தெரியாத அது, பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டு வந்து கோழித் துண்டுகளை உண்ணும் போதெல்லாம் இப்னு பாபஷாத் கண்ட அந்தப் பூனை என் நினைவுக்கு வரும். நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின் உரிமைகளை அறிந்து நிறைவேற்றவும், அறியாமல் செய்த குறைகளுக்கு மன்னிப்புப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.